வேலூர்ல புது வீடா, பழைய வீடா? டோக்கன் கொடுக்கறதுக்கு முன்னாடி வரி கணக்கை இப்படி பாருங்க

வேலூர்ல வீடு தேட ஆரம்பிச்சா புரோக்கர் பத்திரத்தை காட்டறாரோ இல்லையோ, சொத்து வரி ரசீதை கண்டிப்பா காட்டுவாரு. "இன்னா சார், அரை வருசத்துக்கு இவ்ளோதான் வரி, புது வீடு வாங்குனா இதுக்கு மூணு மடங்கு கட்டணும்"னு சொல்லி பழைய வீட்டை தள்ளி விடுவாரு. புது பிளாட் (அடுக்குமாடி வீடு) விக்கிறவரை கேட்டா "இன்னும் வரியே போடல சார், அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்"னுவாரு. ரெண்டு பேரும் சொல்றது பொய்யில்ல, ஆனா ரெண்டுமே உங்களுக்கு உதவாத தகவல். விக்கிறவர் இன்னைக்கு என்ன கட்டறாருங்கறது அவர் சமாச்சாரம். உங்க பேருக்கு வந்தப்பறம், இருக்கற கட்டடத்தை இருக்கற மாதிரியே அளந்தா எவ்வளவு வரும், அதைத்தான் நீங்க கண்டுபிடிக்கணும். நான் இதுல நல்லா அலைஞ்சு திரிஞ்சு கத்துக்கிட்டதால, வேலைக்காகவோ படிப்புக்காகவோ சிஎம்சி ஆஸ்பத்திரி, விஐடி பல்கலைக்கழகம் பக்கம் வந்து இங்கயே வீடு வாங்கலாம்னு நினைக்கறவங்களுக்காக வரிசையா எழுதறேன்.

1. முதல்ல வீடு எந்த எல்லையில இருக்குன்னு பாருங்க

காட்பாடி காந்தி நகர், விருதம்பட்டு, சத்துவாச்சாரி, தொரப்பாடி, கொணவட்டம், சேண்பாக்கம் இதெல்லாம் மாநகராட்சி. கார்ப்பரேஷன்ல காட்பாடி, சத்துவாச்சாரி, கோட்டை, சேண்பாக்கம்னு நாலு மண்டலம், மொத்தம் 60 வார்டு. கொஞ்சம் வெளிய போனீங்கன்னா ஊராட்சி ஆயிடும், அங்க "வீட்டு வரி"னு வருசத்துக்கு ஒரு தடவை கட்டறது, தொகை பாத்தா சிரிப்பு வரும் அவ்ளோ கம்மி. அதனாலதான் ஊராட்சி எல்லையில வில்லா, பிளாட்டுனு போடறவங்க "நோ கார்ப்பரேஷன் டாக்ஸ்"னு ஒரு வரி விளம்பரத்துல சேத்துக்கறாங்க.

அதை கேட்டு மயங்காதீங்க. சத்துவாச்சாரி ஒரு காலத்துல தனி நகராட்சி, இப்போ மாநகராட்சிக்குள்ள. ஊரு வளர்ற பக்கம் எல்லை நகரும், எல்லை நகர்ந்தா வரியும் மாறும். அதோட ஊராட்சியில வரி கம்மின்னா குப்பை வண்டி, தெரு விளக்கு, தண்ணி எல்லாத்தையும் அந்த கம்மிக்கு ஏத்த மாதிரிதான் எதிர்பாக்கணும், போர் தண்ணி உப்பா இருந்தா மாசா மாசம் லாரிக்கு குடுக்கறது வரியை விட அதிகமா போகும்.

எந்த எல்லைன்னு ரசீதை பாத்தாலே தெரியும். மாநகராட்சி வரின்னா டிஎன் அர்பன் இ-பே தளத்துல கட்டறது, ஊராட்சின்னா விபி டாக்ஸ் தளம். புரோக்கர் வாயால சொல்றதை வெச்சு முடிவு பண்ணாதீங்க, ரோட்டுக்கு இந்த பக்கம் கார்ப்பரேஷன், அந்த பக்கம் ஊராட்சின்னு இருக்கற இடம் இங்க நிறைய.

2. அசெஸ்மென்ட் நம்பரை வாங்கி நீங்களே தட்டி பாருங்க

பழைய வீடுன்னா விக்கிறவர்கிட்ட ரசீது ஜெராக்ஸ் வாங்கினா மட்டும் போதாது, அதுல இருக்கற அசெஸ்மென்ட் நம்பரை (வரிவிதிப்பு எண்) எடுத்து ஆன்லைன்ல போட்டு பாருங்க. யார் பேர்ல இருக்கு, எந்த அரையாண்டு வரைக்கும் கட்டியிருக்கு, பாக்கி எவ்வளவுன்னு வந்துரும். இதுக்கு காசு கிடையாது, அஞ்சு நிமிச வேலை.

இங்க ஒரு பொறி. சொத்து வரிக்கு ஒரு நம்பர், குடிநீர் கட்டணத்துக்கு ஒரு நம்பர், பாதாள சாக்கடை கனெக்ஷன் இருந்தா அதுக்கு தனி நம்பர். சொத்து வரி பாக்கி இல்லன்னு காட்டிட்டு குடிநீர் பாக்கியை சொல்லாமயே விட்டுருவாங்க. எல்லா நம்பரையும் கேட்டு வாங்குங்க, தர தயங்கினாலே ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

வரி பாக்கி ஆளோட போகாது, சொத்தோட நிக்கும். நீங்க கிரயம் பண்ணிட்டா பழைய பாக்கியை உங்ககிட்டதான் கேப்பாங்க, "அது பழைய ஓனர் வெச்சது"ன்னு கவுண்டர்ல சொன்னா யாரும் காதுல வாங்க மாட்டாங்க. லேட்டானா மாசத்துக்கு 1 சதவீதம் வட்டி வேற ஏறிக்கிட்டே இருக்கும்.

இன்னொண்ணு, காட்டற ரசீது எந்த வருசத்துதுன்னு தேதியை பாருங்க. 2022 ஏப்ரல்ல இருந்து தமிழ்நாடு முழுக்க சொத்து வரி ஏறிச்சு. வேலூர் மாதிரி மாநகராட்சியில குடியிருப்புக்கு 600 சதுரடி வரைக்கும் 25 சதவீதம், 601-ல இருந்து 1,200 வரைக்கும் 50, 1,201-ல இருந்து 1,800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100 சதவீதம்னு ஏத்தினாங்க. அதுக்கு முந்தின ரசீதை காட்டி "இவ்ளோதான் வரி"னு யாராவது சொன்னா அந்த பேப்பர் பழைய பேப்பர் கடைக்குதான் ஆகும்.

3. ரசீதுல இருக்கற வீடும் தரையில இருக்கற வீடும் ஒண்ணான்னு அளங்க

இந்த கட்டுரையில ஒரே ஒரு விசயம்தான் ஞாபகம் இருக்கும்னா இது இருக்கட்டும். வேலூர்ல பழைய வீடுங்க பெரும்பாலும் ஒரே தடவையில கட்டினது கிடையாது. முதல்ல கீழ் தளம், பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி மாடியில ரெண்டு ரூம், அப்பறம் ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விட மொட்டை மாடியில ஷீட் போட்டு ஒரு ரூம், முன்னாடி காம்பவுண்டை இடிச்சு ஒரு கடைன்னு வளர்ந்திருக்கும். கட்டடம் வளரும், வரி மட்டும் முதல்ல போட்ட அதே சதுரடியிலயே நிக்கும். சிஎம்சி சுத்தி தோட்டப்பாளையம், வேலப்பாடி, பாகாயம் பக்கம் எல்லாம் இந்த கதை சகஜம்.

வரி போடறது இடம் எந்த மண்டலம், எத்தனை சதுரடி, குடியிருப்பா கடையா, சொந்தமா இருக்கறதா வாடகையா, கட்டடம் எவ்வளவு பழசுங்கறதை எல்லாம் வெச்சுதான். ரசீதுல 700 சதுரடி குடியிருப்புன்னு இருந்து, நீங்க போய் நிக்கற வீடு 1,900 சதுரடியோட முன்னாடி ஒரு மெடிக்கல் ஷாப்போட இருந்தா, அந்த ரசீது தொகையை மறந்துடுங்க. நீங்க பேரு மாத்தத்துக்கு மனு போடும்போதோ, மாடி கட்ட பிளான் போடும்போதோ வந்து அளப்பாங்க, அளந்தா வித்தியாசத்தை சேத்து கட்ட சொல்லுவாங்க. அனுபவிச்சது ஒருத்தர், கட்டறது நீங்க.

என்ன பண்ணணும்னா, ஒரு டேப் எடுத்துக்கிட்டு, தெரிஞ்ச மேஸ்திரியோ இன்ஜினியரோ யாராவது கூட்டிக்கிட்டு போய் ஒவ்வொரு தளத்தையும் வெளி அளவு எடுத்துக்கங்க. அதை மூணு பேப்பரோட ஒப்பிடணும்: வரி ரசீதுல இருக்கற சதுரடி, அப்ரூவ்ட் பிளான்ல இருக்கற சதுரடி, விக்கிறவரோட தாய் பத்திரத்துல எழுதியிருக்கற கட்டட விவரம். மூணும் ஒத்து போச்சுன்னா நீங்க அதிர்ஷ்டசாலி. ஒத்து போகலன்னா அளந்த சதுரடியை வெச்சு புது வரி எவ்வளவு வரும்னு அந்த வார்டு பில் கலெக்டர்கிட்டயோ மண்டல அலுவலகத்துல வருவாய் பிரிவுலயோ கேளுங்க. எந்த வீடுன்னு சொல்லணும்னு அவசியம் இல்ல, "இந்த தெருவுல இவ்வளவு சதுரடி, குடியிருப்பு, வாடகைக்கு விட்டா எவ்வளவு, சொந்தமா இருந்தா எவ்வளவு"னு கேட்டா போதும். காலையில சீக்கிரம் போங்க, பதினோரு மணிக்கு மேல பீல்டுக்கு கிளம்பிடுவாங்க, அதோட மே மாசத்து வேலூர் வெயில்ல மதியம் போய் நிக்கறது தேவையில்லாத வேலை.

வரி ரசீது இருக்குன்னா வீடு அப்ரூவ்டுன்னோ, நிலம் அவங்களுதுன்னோ அர்த்தம் கிடையாது. ஏரி புறம்போக்கு, பாலாத்து கரை ஓரம் கட்டின வீட்டுக்கு கூட வரி ரசீதும் ஈபி கனெக்ஷனும் இருக்கும். இந்த ரெண்டையும் காட்டி "கிளியர் சொத்து"னு சொன்னா, பட்டாவும் வில்லங்கமும் எங்கன்னு கேளுங்க. வில்லங்கத்தை பதிவுத்துறையோட டிஎன் ரெஜிநெட் தளத்துல நீங்களே இலவசமா பாத்துக்கலாம், 30 வருசத்துக்கு போட்டு பாருங்க.

4. புது வீடுன்னா "இன்னும் வரி போடல"ங்கறதை சலுகையா நினைக்காதீங்க

பில்டர் அப்படி சொன்னா ரெண்டு கேள்வி கேளுங்க. காலி மனையா இருந்தப்போ காலிமனை வரி கட்டினாங்களா? கட்டடத்துக்கு புது வரிவிதிப்பு மனு யார் போடறது, நீங்களா அவங்களா?

மாநகராட்சி எல்லைக்குள்ள காலி மனைக்கும் வரி உண்டுங்கறது நிறைய பேருக்கு தெரியவே தெரியாது. மனை வாங்கி பத்து வருசம் சும்மா போட்டுட்டு, வீடு கட்ட பிளான் போடும்போது மொத்த பாக்கியையும் கேட்டா முழிப்பாங்க. நீங்க மனை வாங்கி கட்டற ஆளா இருந்தாலும் இது உங்களுக்கும் பொருந்தும், மனை விக்கிறவர்கிட்ட காலிமனை வரி ரசீதை கேளுங்க, "அப்படி ஒண்ணு இருக்கா"ன்னு அவர் உங்களையே திருப்பி கேட்டா அந்த பாக்கியை விலையில கழிச்சு பேசுங்க.

கட்டி முடிச்ச நாள்ல இருந்து கட்டடத்துக்கு வரி கணக்கு ஓட ஆரம்பிச்சிடும். நீங்க குடி போகாம பூட்டி வெச்சிருந்தாலும், மனு போட லேட் பண்ணினாலும், வரி போடும்போது பின்னாடி இருந்து சேத்து வரும். பிளாட் கட்டி முடிஞ்சு ரெண்டு வருசம் விக்காம கிடந்து உங்க கைக்கு வந்தா அந்த ரெண்டு வருசத்து வரி யாருதுன்னு அக்ரிமெண்ட்லயே எழுதிடுங்க. இதை எழுத சொன்னதுக்கு ஒரு பில்டர் ஆபீஸ்ல என்னை ஏதோ வழக்கு போட வந்தவன் மாதிரி பாத்தாங்க, ஆனா எழுதி குடுத்தாங்க.

புது வரிவிதிப்பு மனுவுக்கு கையில வெச்சிருக்க வேண்டியது: கிரய பத்திரம், பட்டா, அப்ரூவ்ட் பிளான், கம்ப்ளீஷன் சர்டிபிகேட் தேவைப்படற கட்டடமா இருந்தா அது, ஈபி கனெக்ஷன் விவரம், காலிமனை வரி ரசீது, ஆதார், வீட்டு போட்டோ. எல்லாத்தையும் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கங்க. அளக்க வரும்போது நீங்க கூட இருங்க, மூடாத போர்ட்டிகோவையும் படிக்கட்டையும் எப்படி கணக்குல எடுக்கறாங்கன்னு கூடவே நின்னு பாத்து எழுதிக்கங்க, தப்பு இருந்தா அப்பவே சொல்றது ஈஸி, டிமாண்ட் வந்தப்பறம் திருத்தம் போடறது பெரிய அலைச்சல். எந்த காசு குடுத்தாலும் ரசீது வரணும், ரசீது இல்லாத காசு கணக்குல இல்லாத காசு.

5. வருசா வருசம் வர்ற வரியையும் ஒரே தடவை போற வரியையும் சேத்து கணக்கு போடுங்க

இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. அரையாண்டுக்கு ரெண்டாயிரமா நாலாயிரமான்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க, ரிஜிஸ்ட்ரேஷன் அன்னைக்கு லட்சக்கணக்குல போறதை ஒப்பிடவே மாட்டாங்க.

பழைய வீடு, மனை, தனி வீடு எதுவா இருந்தாலும் தமிழ்நாட்டுல முத்திரை தீர்வை 7 சதவீதம், பதிவு கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. கைடுலைன் வேல்யூவுக்கு (அரசு வெச்ச மதிப்பு) கீழ பத்திரம் போட்டா சிக்கல்தான், அதை ரெஜிநெட்ல தெரு வாரியா பாத்துக்கங்க. முதல் முறையா விக்கற புது பிளாட்டுக்கு மட்டும் 2023 டிசம்பர்ல இருந்து கூட்டு மதிப்புன்னு (நிலத்தையும் கட்டடத்தையும் சேத்து மதிப்பு போடறது) ஒரு முறை: 50 லட்சம் வரைக்கும் முத்திரை 4, பதிவு 2, மொத்தம் 6 சதவீதம். 50 லட்சத்துல இருந்து 3 கோடி வரைக்கும் 7 சதவீதம். அதே பிளாட் அடுத்த கை மாறும்போது இந்த சலுகை இல்ல.

ஜிஎஸ்டி பழைய வீட்டுக்கு கிடையாது. கட்டி முடிச்சு கம்ப்ளீஷன் வாங்கினப்பறம் விக்கற புது பிளாட்டுக்கும் கிடையாது. கட்டிக்கிட்டு இருக்கும்போதே புக் பண்ணினா 5 சதவீதம் உண்டு. ஆனா வேலூர் மெட்ரோ லிஸ்ட்ல இல்லாததால, கார்பெட் ஏரியா (வீட்டுக்குள்ள புழங்கற உள் அளவு) 90 சதுர மீட்டருக்குள்ள, அதாவது சுமார் 968 சதுரடிக்குள்ள இருந்து, விலை 45 லட்சத்துக்குள்ள இருந்தா 1 சதவீதம்தான். பில்டர் பிரோஷர்ல போடறது சூப்பர் பில்டப் ஏரியா (சுவர், பொது இடம் எல்லாம் சேந்தது), இதுக்கு பாக்க வேண்டியது கார்பெட் ஏரியா, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

ஒரு கணக்கு போட்டு பாப்போம். விலையும் பத்திர மதிப்பும் 45 லட்சம்னு வெச்சுக்கங்க.

பழைய வீடு: 9 சதவீதம், 4,05,000.
ரெடியா இருக்கற புது பிளாட்: 6 சதவீதம், 2,70,000.
கட்டிக்கிட்டு இருக்கற பிளாட், 1 சதவீத ஜிஎஸ்டியோட: 3,15,000.
அதே பிளாட் 5 சதவீத ஜிஎஸ்டியில விழுந்தா: 4,95,000.

பாருங்க, முதல்லயே பழைய வீட்டுக்கும் ரெடி பிளாட்டுக்கும் 1,35,000 வித்தியாசம். புது பிளாட்டுக்கு சொத்து வரி வருசத்துக்கு 5,000 ரூபா அதிகம்னு வெச்சாலும், அந்த 1,35,000-ஐ எட்ட 27 வருசம் ஆகும், நடுவுல வரி ஏறும், பழைய வீட்டுக்கும்தான் ஏறும். அதனால "புது வீட்டுக்கு வரி ஜாஸ்தி"ங்கறதை மட்டும் வெச்சு பழைய வீட்டுக்கு போனா கணக்கு தப்பு. அதே சமயம் 5 சதவீத ஜிஎஸ்டி வர்ற பெரிய பிளாட்டுன்னா பழைய வீடுதான் ஜெயிக்கும். பிளாட்டுல மாசா மாசம் மெயின்டனன்ஸ் உண்டு, அதையும் சேத்துக்கங்க, என்னை கேட்டா சொத்து வரியை விட அதுதான் கையை கடிக்கும்.

மனை வாங்கி நீங்களே கட்டறதா இருந்தா 9 சதவீதம் மனை மதிப்புக்கு மட்டும்தான், கட்டற செலவுக்கு முத்திரை தீர்வை இல்ல, வேலை பாக்க நேரம் இருக்கறவங்களுக்கு வரி கணக்குல இதுதான் லாபம்.

6. பத்திரத்துல கட்டடத்தை மறைக்க ஒத்துக்காதீங்க

"வெறும் மனைன்னு எழுதிடலாம் சார், ஒரு லட்சம் மிச்சம்"னு சொல்றவங்க இருக்காங்க. பத்திரத்துல மனை, வரி ரசீதுல வீடு, பேரு மாத்தத்துக்கு போகும்போது "உங்க பத்திரத்துல கட்டடமே இல்லயே"ன்னு பைல் அங்கயே நிக்கும். பேங்க் லோனும் சிக்கல். கண்டுபிடிச்சா குறைஞ்ச தீர்வையையும் மேல பெனால்டியையும் வாங்குறவர்தான் கட்டணும். சொத்து 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தா, விக்கிறவருக்கு குடுக்கற பணத்துல 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கற வருமான வரி) பிடிச்சு நீங்க கட்டணும், பழைய வீட்டுல இதை சொன்னா விக்கிறவர் சண்டைக்கு வருவாரு, அதனால முன்கூட்டியே பேசிடுங்க.

வீட்டம்மா பேர்ல வாங்கறதா இருந்தா, மதிப்பு 10 லட்சத்துக்குள்ள இருக்கற சொத்துக்கு 2025 ஏப்ரல்ல இருந்து பதிவு கட்டணத்துல 1 சதவீதம் குறைவு. டவுனுக்குள்ள வீடு அந்த விலைக்கு கிடைக்காது, வெளிய சின்ன மனைக்கு உதவும்.

7. அக்ரிமெண்ட்ல தேதி போட்டு எழுதுங்க

ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒரு அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் இன்னொண்ணு. அரையாண்டு தொடங்கின 30 நாளுக்குள்ள கட்டினா 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபா. கிரயம் ஏப்ரல்லயோ அக்டோபர்லயோ விழற மாதிரி இருந்தா விக்கிறவர் "நீங்களே கட்டிக்கங்க"ம்பாரு, நீங்க "அவர் கட்டுவாரு"ன்னு இருப்பீங்க, தள்ளுபடி போயிடும். "கிரயம் நடக்கற அரையாண்டு வரைக்கும் சொத்து வரி, குடிநீர், பாதாள சாக்கடை, குப்பை கட்டணம் எல்லாம் விற்பவர் பொறுப்பு, பின்னாடி பழைய காலத்துக்கு வித்தியாச வரி வந்தாலும் அவர் பொறுப்பு"ன்னு ஒரு வரி சேக்க சொல்லுங்க. டாக்குமெண்ட் ரைட்டர் "இதெல்லாம் யாரும் எழுதறதில்ல"ம்பாரு. நீங்க எழுதுங்க. கார்ப்பரேஷன் உங்ககிட்டதான் கேக்கும்னாலும், விக்கிறவர்கிட்ட திருப்பி கேக்க கையில ஒரு பேப்பர் இருக்கணும். கொஞ்சம் பணத்தை வரி ரசீது வர்ற வரைக்கும் நிறுத்தி வெச்சா இன்னும் நல்லது.

8. பத்திரம் முடிஞ்ச உடனே பேரு மாத்தம்

பட்டா மாறுதலுக்கு ரிஜிஸ்ட்ரேஷனோட சேந்தே மனு போயிடும். சொத்து வரி அப்படி தானா மாறிடும்னு உக்காந்திருக்காதீங்க, தனியா மனு போடுங்க. கிரய பத்திரம் காப்பி, புது வில்லங்கம், கடைசி அரையாண்டு ரசீது, ஆதார், பாக்கி எதுவும் இல்லன்னு இருக்கணும். விக்கிறவர் பேர்லயே ரசீது இல்லாம அவங்க அப்பா பேர்ல இருந்தா (பழைய வீட்டுல பாதிக்கு மேல இப்படித்தான் இருக்கும்), இறப்பு சான்று, வாரிசு சான்று, பாகப்பிரிவினை பத்திரம் இதெல்லாம் கிரயத்துக்கு முன்னாடியே அவர்கிட்ட வாங்கிடுங்க. பணம் கைக்கு போனப்பறம் அவர் போன் எடுக்க மாட்டாரு.

சொத்து வரி மாறினதும் அந்த புது பேரு ரசீதை வெச்சு குடிநீர், ஈபி ரெண்டையும் மாத்துங்க, வரிசை இப்படி இருந்தா வேலை சுலபம். ஆன்லைன்ல உங்க மொபைல் நம்பரை அசெஸ்மென்ட்டோட சேத்துடுங்க, இல்லன்னா டிமாண்ட் எஸ்எம்எஸ் பழைய ஓனருக்கே போய்க்கிட்டு இருக்கும்.

வாங்கின வீட்டை வாடகைக்கு விடப் போறீங்கன்னா, அதை வரிவிதிப்புல சொல்லிடுங்க, சொந்த குடியிருப்புன்னு போட்டுட்டு நாலு போர்ஷன் வாடகைக்கு விட்டா பின்னாடி மறுஅளவுல மாட்டும். அதே நேரம் வாடகை வீட்டுக்கு நீங்க அந்த வருசம் கட்டின சொத்து வரியை வருமான வரி கணக்குல வாடகையில இருந்து கழிச்சுக்கலாம். கட்டின வருசத்துலதான் கழியும், பாக்கி வெச்சிருந்தா கழியாது, அதனால மார்ச் 31-க்குள்ள ரெண்டு அரையாண்டு ரசீதும் உங்க பேர்ல கையில இருக்கட்டும்.